ஆறுதலாச் சாப்பிடு மோனை

"ஒரு நேரச் சாப்பாட்டுக்கு எத்தனை நிமிசம் எடுக்கிறீர்கள்?"

போன வருசம் ஒரு உணவு ஆலோசகர் என்னிடம் கேட்ட கேள்வி இது. இரத்தத்தில் சீனி எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, இடுப்புச் சுற்றளவும் சரியில்லை, போய் இவரைப் பாருங்கள் என்று குடும்ப வைத்தியர் எழுதித் தந்திருந்தார். என்ன சாப்பிடுகிறேன் என்றுதான் கேட்பார் என்று நினைத்து ஒரு பட்டியலே தயாராக்கிக்கொண்டு போயிருந்தேன். சோறு, புட்டு, பாண், கிழமையில் இரண்டு நாள் இறைச்சி, இத்தனை தேத்தண்ணி, இத்தனை கரண்டி சீனி... அவர் பட்டியலைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. யாராவது மணிக்கூட்டைப் பார்த்தா சாப்பிடுவார்கள்?

அன்றிரவு மனிசி கைத்தொலைபேசியில் நேரம் பிடித்தா. ஒரு கோப்பை சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, மீன் பொரியல். ஆறு நிமிசமும் சில விநாடிகளும். "அப்பா, நீங்கள் சாப்பிடேல்லை, பெற்றோல் அடிச்சனீங்கள்" என்று மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் பிறக்க முன்னர் நான் என்ன வேலை செய்தேன் என்று தெரிந்துதான் சொன்னாளோ தெரியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சின்ன வயதில் அம்மம்மா ஒரு நாளைக்கு மூன்று தரம் சொல்லுவா: "ஆறுதலாச் சாப்பிடு மோனை." தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது விநோதமாக இருக்கும். அங்கே ஆறுதல் என்பது துக்க வீட்டில் சொல்வது. எங்கள் ஊரிலும் அந்தப் பொருள் உண்டுதான். ஆனால் நாங்கள் அதற்கும் மேலாக, அவசரப்படாமல், மெதுவாக என்பதற்கும் அந்தச் சொல்லைத்தான் பாவிப்போம். ஆறுதலா வா, ஆறுதலாக் கதை, ஆறுதலாச் சாப்பிடு. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று ஊரெல்லாம் பழமொழி உண்டு. திருக்குறளில் 'மருந்து' என்று ஒரு அதிகாரம், 95வது. அதைத் திறந்தால் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியே இருக்கும். ஆக இந்த அறிவுரை நமக்குப் புதிதில்லை. அமெரிக்காவிலும் புதிதில்லை என்று தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அமெரிக்கர்கள் விழுங்கிச் சாப்பிடுகிறார்கள் என்ற புகார் மக்டொனால்ட்ஸ் வருவதற்கு நூறு வருசத்துக்கு முந்தியது. 1832ல் பிரான்சிஸ் டிரோலப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அமெரிக்கப் பழக்கவழக்கங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சாப்பாட்டு மேசையில் யாரும் கதைக்காமல் வந்த வேகத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போவதைப் பார்த்து அவர் அதிர்ந்து போனார். பத்து வருசம் கழித்து, 1842ல், சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய பயண நூலிலும் கிட்டத்தட்ட இதே முறைப்பாடு. அந்த நூற்றாண்டில் அசீரணத்தை அமெரிக்காவின் தேசிய வருத்தம் என்றே பலர் சொன்னார்கள். தொழிற்சாலையும் ரயிலும் வந்த பிறகு நின்றபடி சாப்பிடும் கடைகள் நகரங்களில் பெருகின.

இந்த நாட்டில்தான் 1849ல், மாசசூசெட்சில் உள்ள லோரன்ஸ் என்ற ஆலை நகரத்தில், ஹொரஸ் பிளெட்சர் பிறந்தார். ஆள் ஒரு வியாபாரி. சான் பிரான்சிஸ்கோவில் அச்சு மை தயாரித்தும் ஜப்பானியப் பொருட்களை இறக்குமதி செய்தும் நல்ல பணம் பார்த்தவர். விரிகுடாப் பகுதியில் பணம் சேர்த்து, நாற்பது வயதிலேயே ஓய்வெடுத்து, பிறகு உலகத்துக்கு உடல்நலம் போதிக்கிற ஆட்களை இன்றைக்கும் நாம் பார்க்கிறோம் அல்லவா, அந்தப் பரம்பரையின் மூத்தவர் என்று சொல்லலாம்.

நாற்பதைத் தாண்டியபோது அவருடைய நிறை 200 பவுண்டுக்கு மேல், அதாவது 90 கிலோவுக்கு மேல். உயரமோ ஐந்தரை அடிக்குச் சற்றுக் கூட. ஆயுள் காப்புறுதி எடுக்கப் போனார். முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணக்காரனுக்கு அதைவிட அவமானம் என்ன இருக்கிறது? 1898 அளவில் அவர் ஒரு பரிசோதனையைத் தன்மேல் தொடங்கினார். உண்மையாகப் பசித்தால் மட்டும் சாப்பிடுவது. வாயில் வைத்ததை, சுவை முழுதும் போய், கூழாகி, அதுவாகவே தொண்டைக்குள் இறங்கும் வரை மெல்லுவது. கோபத்திலோ கவலையிலோ சாப்பிட உட்காராமல் இருப்பது. பிரித்தானியப் பிரதமர் கிளாட்ஸ்டன் ஒரு வாய்க்கு முப்பத்திரண்டு தரம், பல்லுக்கு ஒன்றாக, மெல்லச் சொன்னார் என்று ஒரு கதை அந்தக் காலத்தில் உலாவியது. பிளெட்சர் அதோடு நிற்கவில்லை. ஒரு சின்ன வெங்காயத் துண்டு இறங்க 722 தரம் மெல்ல வேண்டியிருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். (சிரிக்காதீர்கள். பாலையும் சூப்பையும்கூட வாயில் வைத்துச் சுழற்றித்தான் விழுங்க வேணுமாம்.)

நிறை 40 பவுண்டுக்கு மேல் இறங்கியது. மனிசன் சும்மா இருப்பாரா? 1899ல் புத்தகம். பிறகு ஊர் ஊராகப் பேச்சு. பத்திரிகைகள் 'மாபெரும் மெல்லுநர்' என்று பட்டம் கொடுத்தன. நன்றாக மெல்லுவதற்கு அவர் பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகிவிட்டது. மிச்சிகனில் சானிடோரியம் நடத்திய டொக்டர் கெல்லொக் (காலைச் சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் அதே பெயர்தான்) தன் நோயாளிகள் மெல்லுவதற்கு ஒரு பாட்டே வைத்திருந்தார். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் வருசக்கணக்காக மென்றார். பிறகு தன் வயிற்றுக் கோளாறுக்கு அதுவே காரணம் என்று விட்டுவிட்டார். அவருடைய அண்ணன், தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ், மூன்று மாதத்தோடு கைவிட்டார். பிராக் நகரத்தில் காஃப்கா மெல்லும் முறையைப் பார்க்கப் பொறுக்காமல் அவருடைய தகப்பன் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொள்வாராம்.

விஞ்ஞானிகளும் அவரைச் சோதித்தார்கள். 1903ல், ஐம்பத்து மூன்று வயதில், யேல் பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தில் இளம் விளையாட்டு வீரர்களுக்கு வைக்கும் பயிற்சிகளை அவர் களைக்காமல் செய்து காட்டினார். அங்கே இருந்த உடற்தொழிலியல் பேராசிரியர் ரசல் சிட்டெண்டனுக்கு ஆர்வம் வந்தது. பேராசிரியர்கள், படை வீரர்கள், மாணவ விளையாட்டு வீரர்கள் என்று மூன்று குழுக்களை வைத்துப் பல மாதம் ஆராய்ந்து 1904ல் புத்தகமாக வெளியிட்டார். முடிவு என்ன? அந்தக் காலத்தில் ஒரு ஆளுக்குத் தேவை என்று சொல்லப்பட்ட புரதத்தில் ஏறத்தாழப் பாதியே போதும் என்பது. எத்தனை தரம் மென்றார்கள் என்பதைவிட எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதுதான் அதில் முக்கியமாக வந்தது. பிளெட்சரின் இரகசியமும் அதுதான் என்று நினைக்கிறேன். 722 தரம் மெல்லுகிறவனுக்கு இரண்டாம் தரம் சோறு போட நேரம் எங்கே இருக்கும்?

இது வரைக்கும் வேடிக்கைக் கதை. ஆனால் வாசித்துக்கொண்டு போகும்போது ஒரு இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

1914ல் ஜேர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தது. லட்சக்கணக்கான சனம் பட்டினியின் விளிம்பில். ஹேர்பர்ட் ஹூவர் (பிறகு ஜனாதிபதியானவர். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் முதல் மாணவர் அணியில் படித்தவர்) நிவாரண ஆணையம் ஒன்றை அமைத்துக் கப்பல் கப்பலாக உணவு அனுப்பினார். பிளெட்சரும் அங்கே போனார். நல்ல மனசோடுதான் போனார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கிடைப்பதை நன்றாக மென்றால் குறைந்த உணவிலேயே வாழலாம் என்று அந்தச் சனத்துக்குப் படிப்பித்தார்.

யோசித்துப் பாருங்கள். வெனிசில் கால்வாய்க் கரை மாளிகையில் வசித்த ஒருவர், சூப்புக்கு வரிசையில் நிற்கிற மனிசியிடம் ஆறுதலாக மெல்லுங்கள் என்று சொல்கிறார். நிவாரண வரிசையில் கோப்பையோடு நின்ற எவருக்கும் இது விளங்கும். வரிசையில் நிற்கிறவனுக்குப் பின்னால் இன்னொரு வரிசை நிற்கிறது. அவன் மெதுவாகச் சாப்பிட மாட்டான். பிளெட்சர் 1919 ஜனவரியில் கோப்பன்ஹேகனில் மார்புச்சளியால் இறந்தார். அவரோடு அந்த மோகமும் மெல்லக் கரைந்தது. அதன் பிறகு அமெரிக்கா கலோரி எண்ணத் தொடங்கியது.

இனி என் ஆறு நிமிசத்துக்கு வருகிறேன்.

நான் பிறக்கும்போதே அவசரமாகச் சாப்பிட்டவன் இல்லை. தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் கற்றுக்கொண்டேன். பொருளாதாரத் தடை இருந்த காலம். மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, மின்சாரம் இல்லை. இருட்ட முன்னர் சாப்பிட்டு முடிக்க வேணும். ஒரு காது எப்போதும் வானத்தில். பொம்மர் சத்தம் கேட்டால் கோப்பையை வைத்துவிட்டுப் பங்கருக்கு ஓட வேணும், திரும்பி வரும்போது காகம் தின்றிருக்கும். ஆகவே முதலில் விழுங்கு, பிறகு மற்றது. 1995 ஒக்டோபர் 30, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்த பிறகு தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறைக்குள் எத்தனை குடும்பம் என்று எண்ணவில்லை. அங்கே சமைத்தது எல்லோருக்கும் போதாது என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருசம் படகில் இராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாம், அங்கேயும் வரிசை.

பிறகு இந்த நாடு. நியூ ஜேர்சியில் என்னுடைய முதல் வேலை பெற்றோல் நிலையத்தில். இங்கே 1949ல் வந்த ஒரு சட்டத்தால் வாகனத்தில் வருகிறவர் தானே பெற்றோல் அடிக்க முடியாது. ஓரிகன் மாநிலம் 2023ல் விட்டுக்கொடுத்த பிறகு, முழு அமெரிக்காவிலும் இந்த வழக்கத்தை விடாமல் வைத்திருப்பது நியூ ஜேர்சி மட்டும்தான். அந்தச் சட்டம் என்னைப் போல எத்தனையோ பேருக்கு முதல் சம்பளம் கொடுத்தது, அதற்கு நன்றி. ஆனால் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இருக்கவில்லை. கார் வராத இடைவெளிதான் சாப்பாட்டு நேரம். இரண்டு வாய் வைப்பேன், மணி அடிக்கும். குளிரில் வெளியே போய் வர சோறு ஆறிப் போயிருக்கும். மிச்சத்தை நின்றபடியே வாய்க்குள் தள்ளுவேன்.

இது முதலாளியின் கொடுமை என்று மட்டும் நினைத்திருந்தேன். சட்டத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது. 1938ல் வந்த மத்திய தொழிலாளர் சட்டம் குறைந்தபட்சக் கூலியைத் தந்தது, மேலதிக நேரக் கொடுப்பனவைத் தந்தது, சாப்பாட்டு இடைவேளையைக் கட்டாயமாக்கவில்லை. நியூ ஜேர்சியில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும் அது சட்டம். வளர்ந்தவனுக்கு முதலாளி மனம் வைத்தால் உண்டு. டெக்சாசில் தனியார் வேலையில் வளர்ந்தவர்களுக்கு அப்படி ஒரு மாநிலச் சட்டமே இல்லை. கலிபோர்னியாவில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் அரைமணி நேரம் விட வேணும். அதுகூட, முதலாளி நேரத்தை விட்டால் போதும், தொழிலாளி அந்த நேரத்தில் வேலை செய்யாமல் இருக்கிறானா என்று காவல் நிற்கத் தேவையில்லை என்று 2012ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஒரு உணவக நிறுவன வழக்கில் தீர்ப்புச் சொன்னது. உணவகத்தில் வேலை செய்கிறவர்கள் சாப்பிட நேரம் கேட்டு நீதிமன்றம் போன வழக்கு அது!

இன்றைக்கு எனக்குக் கணினி முன்னால் இருந்து செய்யும் வேலை. ஒரு மணி நேரம் மதிய இடைவேளை. யாரும் மணி அடிப்பதில்லை. ஆனால் வயிறு இன்னும் அந்தப் பெற்றோல் நிலையத்தில்தான் நிற்கிறது.

பிளெட்சரோடு இந்தக் கதை முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். மெதுவாகச் சாப்பிடுவது நேரமும் பணமும் உள்ளவனின் பொழுதுபோக்கு என்று விட்டிருப்பேன். அப்படி விடாமல் செய்தவர் இன்னொருவர். அவரும் எங்களைப் போல ஊர் திரும்ப முடியாதவர்.

வியட்நாமியப் பௌத்த துறவி திக் நாட் ஹான் 1961ல் நியூ ஜேர்சிக்குப் படிக்க வந்தார், பிரின்ஸ்டனுக்கு. அப்போது அவர் பெயர் வெளியே தெரியாது. திரும்பிப் போய், போரில் இடிந்த கிராமங்களில் வேலை செய்ய இளைஞர்களைத் திரட்டி ஒரு சமூக சேவைப் பள்ளி தொடங்கினார். 1966ல் சமாதானம் கேட்டுப் பேச அமெரிக்காவுக்கு வந்தவரை அதன் பிறகு ஊருக்குள் விடவில்லை. இரண்டு தரப்புக்கும் அவர் ஆகாதவர். அடுத்த வருசம் மார்ட்டின் லூதர் கிங் அவரை நோபல் சமாதானப் பரிசுக்குப் பரிந்துரைத்தார். 2005 வரைக்கும், ஏறத்தாழ நாற்பது வருசம், அவர் சொந்த நாட்டு மண்ணை மிதிக்கவில்லை. கடைசியில் 2018ல் தான் துறவு பூண்ட ஹுவே நகரத்துக் கோயிலுக்கே போய்ச் சேர்ந்து, 2022 ஜனவரியில் அங்கேயே இறந்தார்.

எழுபதுகளில் அவர் பிரான்சில் இருந்தபடி, வியட்நாமில் அந்தப் பள்ளியில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு சகோதரருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அந்தப் பள்ளியைச் சேர்ந்த சிலர் கொல்லப்பட்டிருந்தார்கள். மிச்சப் பேர் களைத்துப் போயிருந்தார்கள். அவர்கள் உடைந்து போகாமல் இருக்க என்ன செய்வது என்பதற்கான கடிதம். அதுதான் 1975ல் ஆங்கிலத்தில் புத்தகமாகி உலகமெல்லாம் போனது. அதில் ஒரு தோடம்பழக் கதை வருகிறது. அவருடைய அமெரிக்க நண்பர் ஒருவர் எதிர்காலத் திட்டங்களைக் கதைத்துக்கொண்டே ஒரு சுளை வாயில் இருக்க அடுத்த சுளையைப் போட்டுக்கொண்டிருந்தார். வாயில் இருப்பதை முதலில் சாப்பிடு என்று அவர் சொன்ன பிறகுதான் நண்பருக்குத் தான் பழம் தின்பதே தெரிந்ததாம்.

பிறகு 1979ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோன் கபாட்-சின் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்குப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அதில் முதல் பாடமாகப் பெயர்பெற்றது ஒரு முந்திரிகை வற்றலைப் பார்த்து, மணந்து, மெதுவாகத் தின்பது. இன்றைக்கு மருத்துவமனைகளில் 'கவனித்து உண்ணுதல்' என்று சொல்லித் தருவதில் பெரும்பகுதி இந்த வழியில் வந்தது. பிளெட்சர் எண்ணச் சொன்னார். இவர்கள் கவனிக்கச் சொன்னார்கள்.

சரி, இதனால் நிறை குறையுமா? அதைத்தானே எல்லோரும் கேட்பீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

டெக்சாஸ், போர்ட் வேர்த் நகரத்தில் உள்ள டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் மீனா ஷா என்ற பேராசிரியர் 2014ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. சாதாரண நிறையுள்ளவர்கள் 35 பேர், நிறை கூடியவர்கள் 35 பேர். ஒரு நாள் நேரக் கட்டுப்பாடே இல்லை என்று நினைத்துக்கொண்டு, சின்ன வாயாக, நன்றாக மென்று, இடையில் கரண்டியைக் கீழே வைத்துச் சாப்பிட வேணும். இன்னொரு நாள் நேரம் இல்லை என்று நினைத்துக்கொண்டு வேகமாகச் சாப்பிட வேணும். (அதாவது என் பெற்றோல் நிலையத்தை ஆய்வுகூடத்துக்குள் கொண்டு வந்திருக்கிறார்கள்.) மெதுவாகச் சாப்பிட்ட நாளில் முதல் குழு 88 கலோரி குறைவாகச் சாப்பிட்டது. நிறை கூடியவர்கள் 58 கலோரிதான் குறைத்தார்கள், அதை உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு குழுவும் கூடத் தண்ணீர் குடித்தார்கள், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இரண்டு குழுவுக்கும் பசி குறைவாக இருந்தது.

ஏன் அப்படி? வயிறும் குடலும் மூளைக்குச் செய்தி அனுப்ப நேரம் எடுக்கும். ஏதென்சில் 2010ல் வெளியான சோதனையில் 17 ஆண்களுக்கு ஒரே அளவு ஐஸ்கிரீமை ஒரு தரம் ஐந்து நிமிசத்திலும் இன்னொரு தரம் அரைமணி நேரத்திலும் கொடுத்தார்கள். மெதுவாகச் சாப்பிட்டபோது ஜிஎல்பி-1, பிவைவை என்ற இரண்டு குடல் ஓமோன்கள் கூடுதலாகச் சுரந்தன. போதும் என்று சொல்கிற ஓமோன்கள் இவை. ஆறு நிமிசத்தில் கோப்பையைக் காலி செய்கிறவனுக்குச் செய்தி வரும்போது சாப்பாடு முடிந்து, இரண்டாம் தரமும் போட்டாயிற்று.

ஜிஎல்பி-1 என்ற பெயரை நியூ ஜேர்சித் தமிழர்கள் தெரிந்து வைத்திருப்பீர்கள். ஓசெம்பிக், வீகோவி ஊசிகள் இந்த ஓமோனைப் பார்த்துச் செய்தவைதான். நம் உடம்பில் சுரப்பது ஒன்றிரண்டு நிமிசத்தில் பாதி சிதைந்து போகும். ஊசியில் இருப்பது கிழமைக் கணக்கில் நிற்கும். அந்த ஊசி தயாரிக்கும் நோவோ நோர்டிஸ்க் கொம்பனியின் அமெரிக்கத் தலைமையகம் பிளெயின்ஸ்பரோவில் இருக்கிறது, அந்தத் துறவி படித்த பிரின்ஸ்டனுக்குப் பக்கத்து ஊர். மெதுவாக மென்றால் ஊசி தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டின் பலமும் ஒன்றல்ல. வைத்தியர் ஊசி எழுதித் தந்தால் வெட்கப்படவும் தேவையில்லை.

விரிகுடாப் பகுதியில், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், 194 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு ஆய்வு செய்தார்கள். இரு குழுவுக்கும் ஒரே உணவு, ஒரே உடற்பயிற்சி ஆலோசனை. ஒரு குழுவுக்கு மட்டும் கவனித்து உண்ணும் பயிற்சி கூடுதலாக. 2016ல் முடிவு வந்தது. ஒன்றரை வருசத்துக்குப் பிறகு பயிற்சி பெற்றவர்கள் சராசரியாக 1.7 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தார்கள். அதுவும் தற்செயலாக வந்திருக்கலாம் என்று ஒதுக்க முடியாத அளவுக்குப் பெரிதில்லை. ஆனால் வெறும் வயிற்றில் எடுத்த சீனி அளவில் அந்தக் குழுவுக்கு நன்மை தெரிந்தது. நமக்கு அதுதானே முக்கியம்.

நமக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், தெற்காசிய உடம்புக்கு வேறு கணக்கு. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் பிரித்து வரும் எண் 25க்கு மேல் போனால்தான் நிறை கூட என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆசியர்களுக்கு 23லேயே ஆபத்துத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ல் எழுதியது. 2015ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் ஆசிய அமெரிக்கர்களை 23லேயே சோதிக்கச் சொன்னது. விரிகுடாப் பகுதியிலும் சிக்காகோவிலும் 2010ல் தொடங்கிய 'மசாலா' என்ற நீண்டகால ஆய்வு (பெயரே அதுதான்) 906 தெற்காசியர்களோடு ஆரம்பித்து நடந்து வருகிறது. பார்க்க மெலிந்தவர்களுக்கும் வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் கொழுப்புத் தங்குவதை அது காட்டியிருக்கிறது. "நான் குண்டில்லையே" என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில் பலன் இல்லை.

இன்னொன்று. என்ன சாப்பிடுகிறோம் என்பதே வேகத்தைத் தீர்மானிக்கும். 2019ல் மேரிலாந்தில் அரசாங்க ஆய்வுகூடத்தில் கெவின் ஹோல் என்பவர் 20 பேரை ஒரு மாதம் உள்ளேயே தங்க வைத்துப் பார்த்தார். தொழிற்சாலையில் பதப்படுத்திய உணவு கொடுத்த இரண்டு கிழமையில் அவர்கள் நாளுக்கு 500 கலோரி அளவில் கூடச் சாப்பிட்டார்கள். வேகமாகவும் சாப்பிட்டார்கள். நிறை ஒரு கிலோ அளவில் கூடியது. மெல்லத் தேவையில்லாத சாப்பாட்டை யாரும் மெல்ல மாட்டார்கள். குரக்கன் புட்டையும் முருங்கைக்காயையும் அப்படி விழுங்க முடியுமா? முருங்கைக்காய்க் குழம்பை ஆறு நிமிசத்தில் முடித்தவன் உலகத்தில் இல்லை.

நான் என்ன செய்கிறேன் என்று சொல்லி முடிக்கிறேன். 722 எண்ணுவதில்லை. கையால் சாப்பிடுகிறேன். குழைத்த கவளத்தை வாயில் வைத்த பிறகு, அது இறங்கும் வரை அடுத்ததைக் குழைப்பதில்லை. தொலைக்காட்சி இல்லை, தொலைபேசி மற்ற அறையில். சின்னக் கோப்பை. இரண்டாம் தரம் போட முதல் ஒரு தம்ளர் தண்ணி, கொஞ்சம் கதை. ஆறு நிமிசம் இப்போது பதினெட்டு, இருபது. ஒரு வருசத்தில் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல் குறைந்தது. நடக்கவும் தொடங்கினேன், சோற்றையும் குறைத்தேன், ஆகவே எது எதனால் என்று பிரிக்க முடியாது. சீனி எல்லையைத் தாண்டவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் எந்த ஆய்விலும் எழுதாத ஒன்று நடந்தது. மெதுவாகச் சாப்பிடத் தொடங்கிய முதல் கிழமைகளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாய் ஆறுதலாக இருந்தால் மனம் எங்கேயோ போகிறது. வேகமாகச் சாப்பிட்டது நேரம் இல்லாததால் மட்டும்தானா என்று அப்போதுதான் எனக்கே சந்தேகம் வந்தது.

1995 ஒக்டோபர் 30 பின்னேரம். ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள், எல்லோரும் வெளிக்கிட வேணும் என்று. மழை. அம்மா சாமான் கட்டுகிறா. அம்மம்மா மட்டும் குசினிக்குள் இருந்தா. தான் வரவில்லை என்று சொல்லிவிட்டா. என்னால் இத்தனை தூரம் நடக்க ஏலாது, நீங்கள் போயிட்டு வாங்கோ, நான் வீட்டைப் பார்த்துக்கொள்ளுறன். அப்படி எத்தனையோ வீடுகளில் கிழவிகள் நின்றுவிட்டார்கள். அந்த அவசரத்திலும் எங்களுக்குச் சாப்பாடு போட்டா. நான் கோப்பையைக் கையில் வைத்து நின்றபடியே விழுங்கினேன். "ஆறுதலாச் சாப்பிடு மோனை, ராவுக்கு என்ன கிடைக்குமோ தெரியாது" என்றா.

1997ல் அம்மம்மா செத்துப்போன செய்தி முகாமுக்குக் கடிதமாக வந்தது, இரண்டு மாதம் பிந்தி.

அன்றைக்கு அம்மம்மா என்ன சமைத்தா என்று எனக்கு நினைவில்லை. புட்டா, சோறா, என்ன கறி, எதுவும் இல்லை. எவ்வளவோ முயற்சித்துப் பார்த்துவிட்டேன். மழைச் சத்தம் நினைவிருக்கிறது, கோப்பையின் விளிம்பில் எனாமல் உடைந்திருந்தது நினைவிருக்கிறது. வாயில் இருந்தது மட்டும் இல்லை. ருசி பார்க்க நேரம் இருக்கவில்லை.

அதனால்தான் இப்போது வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற ஒரே நேரமான இராச் சாப்பாட்டில் மகள் வேக வேகமாக அள்ளிப் போட்டுக்கொண்டு எழும்பினால் நான் நிறுத்துகிறேன். நிறைக்காக இல்லை, அவளுக்கு நிறை பிரச்சினை இல்லை. என்ன கறி என்று கேட்பேன். சொல்லிவிட்டுப் போ என்பேன். அவள் கண்ணை உருட்டிக்கொண்டு திரும்பவும் இருந்து, கோப்பையைப் பார்த்து, ஒரு வாய் வைத்து, "வாழைக்காய்" என்பாள்.

அது போதும் எனக்கு.